தங்கமாயனின் மந்தாரம்

எனக்கு முதலில் துரோகம் செய்தவன் தங்கமாயன். என் மனைவி காமுத்தாயின் அண்ணன், எனக்கு மச்சான். மேல்கெவியில் என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, டீக்கடைக்கு மேலே, பச்சைச் சாயம் அடித்த தகரக்கூரை வீட்டில் இருக்கிறான். நான் உட்கார்ந்திருக்கும் இந்த வாசலிலிருந்து பார்த்தால் அவன் சிரிக்கும்போது மின்னுகிற தங்கப்பல் வரைக்கும் தெரியும், அவன் நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறான். அவனுக்குப் பிறகு துரோகம் செய்தவர்கள் பலர், ஊரே செய்தது என்று சொன்னாலும் பொய்யில்லை, ஆனால் முதலாவது யார் என்று கேட்டால் நான் யோசிக்க வேண்டியதில்லை. அவன் எனக்குத் தர வேண்டியது பணமோ நிலமோ இல்லை. ஒரு டம்ளர் கசாயம்.

எங்கள் மலைச்சரிவில் பெரிய பள்ளம் ஒன்று அடி தெரியாமல் இறங்குகிறது, அதைத்தான் கெவி என்கிறோம். அதன் மேல் விளிம்பில் அறுபது வீடும் ஒரு வேலப்பர் கோயிலும் ஒரு டீக்கடையும் படிப்படியாய் வெட்டிய பூண்டு வயல்களும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கார்த்திகை பிறந்தால் கெவிக்குள்ளிருந்து மூடுபனி ஏறி வரும், மாசி வரைக்கும் இறங்காது, விலகி விலகி மூடும், மூடிவிட்டால் பக்கத்து வீட்டுக்காரன் இருமினால்தான் பக்கத்தில் வீடு இருப்பதே தெரியும். கீழ்நாட்டில் வானம் மூடிக்கொண்டால் மந்தாரம் போட்டிருக்கிறது என்பார்கள், எங்கள் ஊரில் அது ஆளுக்குள்ளும் போடும். மந்தாரம் பிடித்தவன் காலையில் எழுந்திருக்க மாட்டான், எழுந்தாலும் ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு இன்னொரு செருப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான், வாயில் வைத்த சோறு மண்ணாக இருக்கும், பூண்டு உரிக்கிற பெண்கள் பூண்டுக் காரத்தில் அழுகிறார்களா மந்தாரத்தில் அழுகிறார்களா என்று அவர்களுக்கே தெரியாது. மாசியில் வெயில் வந்தால் சரியாகிவிடும். சிலருக்கு வெயில் வருவதற்குள் கெவி கண்ணில் பட்டுவிடும்.

அதனாலேயே எங்கள் ஊரில் யாரும் "போறேன்" என்று சொல்வதில்லை. எல்லா ஊரிலும் "போயிட்டு வாரேன்" என்பதுதான் மரியாதை, எங்களுக்கு அது மரியாதைக்கும் மேலே. கெவியில் குதித்தவர்கள் எல்லாரும் கடைசியாக "போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள் என்று ஒரு நம்பிக்கை. ஆகையால் தண்ணீர் எடுக்கப் போனாலும், சண்டை போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாலும், இனி உன் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று கத்தினாலும், கடைசியில் "போயிட்டு வாரேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவோம். இதை இங்கே சொல்லி வைக்கிறேன், பிறகு வேண்டியிருக்கும்.

மருந்தைக் கண்டுபிடித்தது நானில்லை, என் குதிரை. மூட்டை சுமக்கிற மட்டக்குதிரை, பெயர் பவுன். ஒரு மார்கழியில் பவுனுக்கு மந்தாரம் பிடித்தது, கொள்ளு வைத்தால் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. சோலையோரம் கொண்டுபோய்க் கட்டினேன். அங்கே பாறை இடுக்கில் இடுப்பளவு நிற்கிற ஒரு புதர், ஐந்து இதழ் மஞ்சள் பூ, அந்தப் பூவைக் கசக்கினால் விரலில் ரத்தம் போலச் சிவப்பு ஏறும், சோப்பு போட்டாலும் மூன்று மாதம் போகாது, அதனால் நான் அதைச் செங்கைப்பூ என்று சொல்லிவந்தேன். பவுன் அதை மூன்று நாள் மேய்ந்தது. மூன்றாம் நாள் காலையில் பெரிதாய் ஒரு தும்மல் போட்டது, மூக்கிலிருந்து வெள்ளாட்டுக்குட்டி அளவில் ஒரு சாம்பல் மேகம் வெளியே வந்து, தரையில் கால் பாவாமல், அதன் பக்கத்தில் நின்றது. பவுன் உடம்பை உதறிக்கொண்டு கனைத்தது. இரண்டையும் வட்டப்பாறைக்கு ஓட்டிப்போனேன், எங்கள் ஊரில் மூடுபனிக்கு மேலே தலை நீட்டுகிற இடம் அது ஒன்றுதான், முதல் வெயில் பட்டதும் மேகம் கரைந்துபோனது. குதிரை கொள்ளுத் தின்றது. நான் வந்து காமுத்தாயிடம் சொன்னேன், அவள் "அப்ப அந்தப் பூவுல கொஞ்சம் பறிச்சு வைய்யி, எங்க அண்ணனுக்கு ஆகும்" என்றாள்.

தங்கமாயனுக்கு வருடா வருடம் மார்கழியில் மந்தாரம் பிடிக்கும், மற்றவர்களைவிடக் கனமாகப் பிடிக்கும். அதற்குக் காரணம் ஊருக்கே தெரியும். அவனுடைய மூத்த பெண் தேனு, ஏழு வயதில், ஒரு மார்கழியில், சாயங்காலம் நாலு மணிக்கு, சுள்ளி பொறுக்கப் போய்க் கெவியில் தவறி விழுந்தது. முப்பது வருடமாகிறது. ஒவ்வொரு மார்கழியும் அவன் கம்பளிக்குள் சுருண்டு சுவர்ப்பக்கம் திரும்பி, "தேனு, தேனு" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டு படுத்திருப்பான். அந்த வருடம் கார்த்திகையிலேயே படுத்தவன் நாற்பது நாள் எழுந்திருக்கவில்லை. அவன் பெண்டாட்டி அவன் இடுப்புக்கும் தன் இடுப்புக்கும் சேலை முந்தியால் முடிச்சுப் போட்டுக்கொண்டு தூங்கினாள், எழுந்து போனால் தெரியட்டும் என்று.

நான் பூவை நிழலில் உலர்த்தி, ஒரு பிடிக்கு நாலு டம்ளர் தண்ணீர் வைத்து ஒரு டம்ளராகச் சுண்டக் காய்ச்சி, கொஞ்சம் மலைத்தேன் விட்டு, மூன்று நாள் காலையில் என் வீட்டு வாசலில் உட்கார வைத்துக் குடிக்கக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அவன் தும்மினான். மேகம் வந்தது. பவுனுடையதைவிடப் பெரிது, கிடாய் அளவு, பீடி வாசம் அடித்தது. தங்கமாயன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு நாற்பது நாளில் முதல்முறையாகச் சிரித்தான்.

"மாப்ள, வயிறு பசிக்கிது மாப்ள" என்றான்.

"பசிக்கட்டும் மச்சான், அதுக்குத்தான் மருந்து."

சிவந்துபோன என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதான். "நீ எனக்கு உசுரு குடுத்துட்ட. என்னைக்காவது உனக்கு இது வந்தா, என் கையால நான் காய்ச்சித் தருவேன். வேலப்பர் மேல சத்தியம்."

நானும் ஒருமுறை எனக்காகக் காய்ச்சிக் குடித்துப் பார்த்திருந்தேன், வெறும் கசப்புத்தான் மிஞ்சியது. காய்ச்சியவனுக்கே அது வேலை செய்யாது, இன்னொருவர் கை சிவக்க வேண்டும். அதையும் அவனிடம் சொன்னேன். "என் கை சிவக்கட்டும் மாப்ள, தோள் வரைக்கும் சிவக்கட்டும்" என்றான். எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மேகம் பக்கத்தில் நிற்க, என் வாசற்படியில் நின்று வழக்கம்போல ஒரு வார்த்தை சொன்னான்.

"போயிட்டு வாரேன் மாப்ள."

அன்று வட்டப்பாறையில் அந்த மேகம் கரைந்ததை நாங்கள் இருவரும் பார்த்தோம். சாயங்காலம் அது என் வாசலில் நின்றது.

அதை விரட்ட எனக்கு மனம் வரவில்லை, குதிரைக் கொட்டடியில் இடம் கொடுத்தேன். அதற்குள் செய்தி பரவிவிட்டது. டீக்கடை ராசாத்தி வந்தாள், பூண்டு வியாபாரி சின்னக்காளை வந்தான், காட்டு வாட்சர் பெருமாள் வந்தார், பேருந்து கண்டக்டர் இரண்டு நடை வண்டியை விட்டுவிட்டு வந்தார். எல்லாரும் ஆளுக்கொரு டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் உட்கார்ந்து குடித்தார்கள், தும்மினார்கள், சிரித்தார்கள், "போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தார்கள். அந்த மார்கழியில் ஊரில் மேகங்கள் நடமாடுவது பழகிப்போனது. பெண்கள் துணி காயப்போடும்போது "ஏய், அங்கிட்டுப் போ" என்று விரட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் மேகத்தோடு வருகிற பிள்ளையைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தார், கரும்பலகை நனைந்துவிடுகிறது என்று. பேருந்தில் மேகத்துக்கு அரை டிக்கெட்டா லக்கேஜா என்று பெரிய தகராறு நடந்து, மடியில் வைத்துக்கொண்டால் டிக்கெட் இல்லை என்று முடிவானது. வாட்சர் பெருமாள் முதலில் காப்புக்காட்டில் மேகத்தை அவிழ்த்துவிட ரேஞ்சர் கையெழுத்து வேண்டும் என்றார், தனக்கே ஒன்று வந்த பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வட்டப்பாறைக்கு எல்லாரும் வரிசையாக ஏறினார்கள், இருட்டு பிரியும்போது உறைபனியில் புல் நொறுங்குகிற சத்தம் ஊர் வரைக்கும் கேட்கும், வெயில் பட்டு மேகங்கள் கரையும்போது கைதட்டுவார்கள், ராசாத்தி அங்கேயே அடுப்பு வைத்து டீ போட்டாள்.

சாயங்காலம் எல்லா மேகமும் என் வீட்டுக்கு வந்தன.

ஏழாவது மேகம் வந்தபோது காமுத்தாய்தான் கண்டுபிடித்தாள். அவளுக்கு இளைப்பு உண்டு, ஈரம் ஆகாது, மருந்து கொதிக்கிற ஆவி பட்டாலே மூச்சு விசிலடிக்கும், அதனால் மூக்கைச் சேலையால் மூடிக்கொண்டு அடுப்படியில் நின்று யோசித்துக்கொண்டே இருந்தாள்.

"ஏங்க, பவுனோடது மட்டும் திரும்பி வரல."

"ஆமா."

"பவுனு குதிரை. அது ஒண்ணும் சொல்லல. எங்க அண்ணனும் இவுக எல்லாரும் வாசப்படியில நின்னு வாரேன்னு சொன்னாங்க. மேகம் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டு இருந்துச்சு. அது வாக்குத் தவறல, வந்திருச்சு."

மனிதர்கள் தவறினார்கள், மேகங்கள் தவறவில்லை. இதை நான் பல நாள் யோசித்திருக்கிறேன்.

மறுநாள் கோயில் முன்னால் ஊரைக் கூட்டி விஷயத்தைச் சொன்னேன். இனிமேல் மருந்து குடித்துவிட்டு என் வாசலில் "போறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக வேண்டும், வேறொன்றும் எனக்கு வேண்டாம் என்றேன். ராசாத்தி தன் பிள்ளையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள்.

"என்னா பேச்சு பேசுறீங்க சித்தப்பா. நாங்க சாகணுமா?"

"மேகத்துக்குச் சொல்ற வார்த்தைதான் தாயீ."

"கெவிக்குக் காது இல்லையா? அது யாருக்குச் சொன்னதுன்னு பாத்துக்கிட்டா இருக்கும்?"

நான் தங்கமாயனைப் பார்த்தேன். எனக்காக அவன் பேசுவான் என்று நினைத்தேன். மருந்து குடித்த நாளிலிருந்து கன்னம் உப்பி, முடிக்கு எண்ணெய் வைத்து, புது மாப்பிள்ளை மாதிரி இருந்தான். எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நடுவில் வந்தான்.

"மாப்ள, பெரிய மனுசன் வீட்டுக்கு வந்துட்டு, மருந்தையும் வாங்கிக் குடிச்சுட்டு, மொட்டையா போறேன்னு எந்திரிச்சுப் போறதா? எங்க அப்பன் ஆத்தா எங்களை அப்படி வளக்கல. வாரேன்னு சொல்றது ஒரு குத்தமாய்யா?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டான். குற்றமில்லை என்றது கூட்டம். "நாங்க உன்மேல வச்சிருக்கிற மரியாதை மாப்ள அது" என்றான், தங்கப்பல் தெரிய.

அதோடு விட்டிருந்தாலும் நான் மறந்திருப்பேன். அன்று மாலையே டீக்கடையில் உட்கார்ந்து அவன் சொன்னதை என் வாசலிலிருந்து என் காதால் கேட்டேன்: "விடியக்காலம் பனியில எதுக்கய்யா வட்டப்பாறைக்கு ஏறணும்? மாப்ள வாசல்ல நின்னு மரியாதையா ஒரு வார்த்தை சொல்லு, டீக்கடை வரைக்கும் கூட்டிட்டு வந்து விடு, தன்னால திரும்பி அங்க போயிரும். காலும் வலிக்காது." கடை முழுக்கச் சிரித்தது. தெரியாமல் சொன்ன வார்த்தை அன்றோடு தெரிந்து சொல்கிற வார்த்தையாகிவிட்டது. அன்றைக்குப் பிறகு ஒருவரும் வட்டப்பாறைக்கு ஏறவில்லை. ஊர் என்னிடம் அதுவரை இல்லாத மரியாதையோடு நடந்துகொண்டது, சின்னக்காளை இரண்டு தடவை சொன்னான், "போயிட்டு வாரேன்யா, போயிட்டு வாரேன்" என்று.

மருந்து கொடுப்பதை நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். டம்ளரைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் வாசலில் நடுங்கினால் நான் எப்படி இல்லை என்பது? கொடுத்தேன். நாலு மார்கழி கொடுத்தேன். முப்பத்தேழு மேகம் சேர்ந்தது. கொட்டடி நிறைந்து அவை வீட்டுக்குள் வந்தன. ராசாத்தியின் மேகம் அடுப்புத் திட்டில் ஏறி உட்கார்ந்தது, வாட்சர் பெருமாளின் மேகம் வேலை நேரம் மாதிரி கதவோரம் விறைப்பாய் நின்றது, கண்டக்டர் மேகம் கடைசி பேருந்து போகிற நேரத்தில் மட்டும் பதறியது. அடுப்புப் பற்றவில்லை, விறகு ஊறிப்போனது, உப்பு தண்ணீராய் ஓடியது, பாயைப் பிழிந்து போட்டுப் படுத்தோம். ஊர்க்காரர்கள் தங்களுக்கு என்ன துக்கம் இருந்தது என்பதையே மறந்து நடமாடினார்கள். எனக்கு மட்டும் அத்தனை பேர் துக்கமும் பெயரோடு தெரியும். ராசாத்தி தன் தங்கையின் கல்யாணத்துக்குப் போகாதது, சின்னக்காளை தன் தகப்பனைக் கை நீட்டி அடித்தது.

தங்கமாயனின் மேகம் யாருக்கும் தொந்தரவு செய்யாது. தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு எழுந்து, வீட்டின் பின்பக்கம் போய், கெவியின் விளிம்பில் கீழே பார்த்துக்கொண்டு நிற்கும். பொழுது சாய்ந்ததும் திரும்பி வரும். முதல் தடவை அதைப் பார்த்தபோது காமுத்தாய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அடுத்த மார்கழியில் தேனு இறந்த நாளன்று தங்கமாயன் வீட்டில் கறி எடுத்துச் சமைத்தார்கள், வாசம் இங்கே வரைக்கும் வந்தது. அந்தப் பிள்ளையை நினைக்க அந்த வீட்டில் ஆளில்லை. இங்கேதான் நினைக்கிறார்கள், என் வீட்டுக் கொல்லையில்.

நாலாவது மார்கழியில் காமுத்தாய்க்கு இளைப்பு அதிகமாகி உதடு நீலம் பூத்தது. அவளை நானே கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போய் அவள் அண்ணன் வீட்டில் விட்டேன், ஊரிலேயே நன்றாகக் காய்ந்த வீடு அது, அதில் ஒரு பொட்டு ஈரம் கிடையாது. "வீட்டுக் கூரையில பொகை வந்தா வாரேன்ங்க" என்றாள். அவள் வாரேன் என்றால் அது வாரேன்தான். திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்தேன். மறுநாள் ஒரு செருப்பை மாட்டினேன். இன்னொரு செருப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மத்தியானம் ஆனது. அப்போதுதான் எனக்கும் பிடித்துவிட்டது என்று தெரிந்தது.

மேகங்களை ஓட்டிக்கொண்டு வட்டப்பாறைக்கு நான் ஏறினால் அவை ஏறும், அவை வாக்குக் கொடுத்தது என் வாசலுக்கு, நான் நடந்தால் நடக்கும், உட்கார்ந்தால் உட்காரும், வாரேன் என்று சொல்லாமல் நான் கூட்டிப்போனால் கரைந்தது கரைந்ததுதான். கால் இருந்த நாளெல்லாம், அவரவர் வந்து அவரவருடையதைக் கூட்டிப்போகட்டும் என்று இருந்துவிட்டேன். எனக்கு நடக்கக் கால் வேண்டும். கால் வர ஒரு டம்ளர் கசாயம் வேண்டும். வேலப்பர் மேல் சத்தியம் செய்தவன் நாலு வீடு தள்ளி இருந்தான். ராசாத்தியிடம் சொல்லி அனுப்பினேன். "நாளைக்கு வாரேன்னு சொன்னாரு சித்தப்பா" என்றாள். வாட்சரிடம் சொல்லி அனுப்பினேன். "பூ பறிக்கணும், வெயில் வரட்டும்னாப்ல." கண்டக்டரிடம் சொல்லி அனுப்பினேன். கண்டக்டர் சங்கடத்தோடு பையைத் தோளில் மாற்றிக்கொண்டு, "கை கறையாயிரும்ல, பையனுக்குக் கல்யாணம் வச்சிருக்காரு, போட்டோ எடுப்பாங்கன்னு யோசிக்கிறாரு" என்றார்.

தை பிறந்ததும் தங்கமாயன் மகன் அழகுராசா கல்யாணம் நடந்தது. மருமகள் சுகந்தி பழனிப் பக்கம் கொய்யாத்தோப்புக்காரர் பெண், வெயிலிலேயே வளர்ந்த பிள்ளை. எங்கள் மூடுபனியில் இருபது நாள் இருந்ததும் அதற்குப் பேச்சு நின்றுவிட்டது. ஒரு நாள் காலையில் தங்கமாயனே அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு என் வாசலுக்கு வந்தான். மூன்று வருடத்தில் அவன் என் வாசலுக்கு வருவது அன்றுதான். கைகள் கம்பளிக்குள் இருந்தன. நான் எழுந்திருக்க முயன்றேன், அவன் கைக்குள் டம்ளர் இருக்கும் என்று நினைத்தேன். இருந்தது. காலி டம்ளர்.

"மாப்ள, பிள்ளை சரியாச் சாப்பிட மாட்டேங்குது. ஒரு மூணு நாளைக்கு."

அப்போது வீட்டுக்குள்ளிருந்து அவனுடைய மேகம் வந்தது. மூன்று வருடமாய் யாரைப் பார்த்தும் அசையாதது, வாசல் தாண்டி, படி தாண்டி ஓடிப்போய் அவன் காலைச் சுற்றியது, வேட்டியை நனைத்தது, முழங்காலில் முகத்தைத் தேய்ப்பது மாதிரி தேய்த்தது.

"ச்சூ, ச்சூ" என்று காலை உதறினான் தங்கமாயன். "யாரோடதுய்யா இது?"

மேகம் அவனை அண்ணாந்து பார்த்தது. பிறகு மெதுவாய்த் திரும்பி, மணி நாலு ஆகாமலே, கொல்லைப்பக்கம் போனது.

மாடத்தில் உலர்ந்த பூ இருந்தது. சுகந்திக்கு மூன்று நாள் நான் காய்ச்சிக் கொடுத்தேன், உட்கார்ந்த இடத்திலேயே, வாசலில் மூன்று கல்லை வைத்து, தன் வீட்டிலிருந்து காய்ந்த விறகை அந்தப் பிள்ளையே கொண்டுவந்து தர. என் கையைப் பார்த்து, "ஏன் பெரியப்பா இப்படிச் சிவந்திருக்கு" என்று கேட்டது. சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். மூன்றாம் நாள் தும்மியது, சின்ன மேகம், கோழி அளவு, கொய்யாப்பழ வாசம். தங்கமாயன் படிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தான்.

"சொல்லும்மா. பெரியவர்கிட்ட மரியாதையா, போயிட்டு வாரேன்னு சொல்லு."

சுகந்தி அவனைப் பார்த்தது. "எங்க ஊர்ல மருந்து குடுத்த வீட்டுல அப்படிச் சொல்ல மாட்டாங்க மாமா. திரும்ப நோயோட வாரேன்னு ஆயிரும்." பிறகு என் பக்கம் திரும்பிக் கைகூப்பி, "போறேன் பெரியப்பா" என்றது.

தங்கமாயன் கன்னத்தில் போட்டுக்கொண்டான், வேலப்பா, வேலப்பா என்று. டீக்கடையில் பாய்லர் இரைவது மட்டும் கேட்டது. கெவி வாயைத் திறக்கவில்லை. அந்தப் பிள்ளை மேகத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு தன்னந்தனியாய் வட்டப்பாறைக்கு ஏறியது, மத்தியானம் வெறுங்கையோடு சிரித்துக்கொண்டு இறங்கியது. அந்த மேகம் என் வாசலுக்கு வரவில்லை.

இது நடந்து நாலு நாள் கழித்து, விடிந்ததும், என் முன்னால் ஒரு டம்ளர் வைக்கப்பட்டது. ஆவி பறந்தது, தேன் வாசம். நிமிர்ந்து பார்த்தேன். சுகந்தியின் இரண்டு கையும் மணிக்கட்டு வரைக்கும் சிவந்திருந்தன, மருதாணியின் மேல் மருதாணி வைத்த மாதிரி.

"நானே பறிச்சேன். பெரியம்மா தெருவில தள்ளி நின்னு, ஒரு பிடிக்கு எவ்வளவு தண்ணின்னு சொன்னாங்க. குடிங்க பெரியப்பா. மூணு நாளும் கொண்டாரேன். நீங்க ஏறினா இதுக எல்லாம் ஏறிரும்ல? பெரியம்மா காலையில இருந்து இந்தக் கூரையவே பாத்துக்கிட்டு நிக்கிறாங்க, பொகை வருதான்னு."

பார்த்தேன். பச்சை வீட்டு வாசலில் காமுத்தாய் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குக் கீழே டீக்கடை பெஞ்சில், கம்பளிக்குள் கையை வைத்தபடி, தங்கமாயன்.

டம்ளரைக் கையில் எடுத்தேன். நல்ல பக்குவம், நான் காய்ச்சினதைவிட நன்றாக இருந்தது நிறம். உதடு வரைக்கும் கொண்டுபோனேன். வீட்டுக்குள் முப்பத்தாறு மேகமும் அசையாமல் நின்றன. தங்கமாயனின் மேகம் மட்டும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை, அவன் காலை உதறிய நாளிலிருந்து பொழுதுக்கும் கொல்லையில் கெவி விளிம்பில்தான் நின்றது. நான் ஏறிப்போய் அதையும் கரைத்துவிட்டால் தேனு என்று ஒரு பிள்ளை இருந்ததற்கு இந்த உலகத்தில் யார் இருக்கிறார்கள்? அவன் வரட்டும். வந்து அவனுடையதை அவன் பார்க்கட்டும், யாருடையது என்று கேட்டானே, அதற்கு அவன் வாயாலேயே பதில் சொல்லட்டும், பிறகு பூவைக் கசக்கட்டும்.

டம்ளரைக் கீழே வைத்தேன்.

"ஏன் பெரியப்பா, சூடா இருக்கா?"

"நீ எனக்குத் தர வேண்டியது ஒண்ணும் இல்ல தாயீ."

"யாரு காய்ச்சினா என்ன? கை சிவந்தாப் போதும்னு நீங்கதான சொன்னீங்க?"

"சத்தியம் பண்ணது உன் கையா?"

அந்தப் பிள்ளை தெருவைப் பார்த்தது, காமுத்தாயைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. "பெரியம்மாகிட்ட என்னான்னு சொல்ல?"

"அவ அண்ணன்கிட்டச் சொல்லச் சொல்லு."

"போறேன் பெரியப்பா" என்றது, இந்தத் தடவை கைகூப்பாமல். படியிறங்கிப் போய், டீக்கடை முன்னால் நின்று தங்கமாயனிடம் ஏதோ சொன்னது. அவன் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டான், பிறகு இந்தப் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, நல்ல மரியாதையோடு குரல் கொடுத்தான்: "வாரேன் மாப்ள, வாரேன், நாளைக்கு வாரேன்."

டம்ளரை ஒரு தட்டு போட்டு மூடி வாசல் ஓரத்தில் வைத்திருக்கிறேன். இரவில் உறைபனியில் அது கட்டியாகிச் சிவப்புக் கண்ணாடி போலாகிறது, மத்தியானம் இளகுகிறது. காமுத்தாய் தினமும் காலையில் வெளியே வந்து என் கூரையைப் பார்த்துவிட்டு உள்ளே போகிறாள். நான் தெருவில் போகிறவர்களின் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்க்கிறேன். சுகந்தியின் கை சிவப்பு இன்னும் போகவில்லை. தங்கமாயன் இப்போதுதான் டீயை வாங்கக் கம்பளிக்குள்ளிருந்து கையை எடுத்தான். வெள்ளையாகத்தான் இருக்கிறது.